குழந்தைகளுக்கான பேசும் கதைப்புத்தகம்: மின்னூலாகவும் செயலியாகவும் வெளியிட ஒரு வழிகாட்டி

கதை எழுதியாகிவிட்டது. படம் வரைய ஆள் கிடைத்துவிட்டார். யானையைத் தொட்டால் பிளிற வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்திலிருந்து நேராக அனிமேஷனுக்குள் குதிக்கிறார்கள். ஆனால் ஆளை அலைக்கழிப்பது வேறு: ஓவியரோடு போடாத ஒப்பந்தம், தமிழை உடைத்துக் காட்டும் மென்பொருள், கடைகளின் விதிகள், சோதனைக் காலம். இதையெல்லாம் அலைந்துதான் தெரிந்துகொண்டேன். நீங்கள் அலைய வேண்டாம் என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து தனியாளாகவோ இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ செய்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

1. முதல் படம் வரையும் முன்பே கடையை முடிவு செய்யுங்கள்

படத்தின் அளவு, ஒப்பந்தத்தின் வாசகம், குரல் பதிவு, விலை எல்லாமே எங்கே விற்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தவை. வழிகள் மூன்று.

அமேசான் கிண்டிலில் படக்கதை போடலாம், ஆனால் அது வெறும் படமும் எழுத்தும்தான். கேடிபி (எழுத்தாளர்கள் தாங்களே மின்னூல் வெளியிட அமேசான் நடத்தும் தளம்) வழியாக நீங்கள் ஏற்றும் புத்தகத்தில் ஒலி ஓடாது, தொட்டால் யானை பிளிறாது. இரண்டாவது வழி ஈபப் 3 கோப்பு, அதாவது பல கடைகளும் வாசிப்புச் செயலிகளும் ஏற்கும் பொதுவான மின்னூல் வடிவம். குரல் ஓட ஓட வரி நிறம் மாறுவது இதில் சாத்தியம். மூன்றாவது, செயலி. இழுத்துப் போடுவது, தேடிக் கண்டுபிடிப்பது, வண்ணம் தீட்டுவது எல்லாம் இதில் முடியும். செலவும் பராமரிப்பும் இதில்தான் அதிகம்.

கிண்டிலுக்குப் போவதென்றால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே 35 சதவீதம், 70 சதவீதம் என்று இரண்டு உரிமைத்தொகைத் திட்டங்கள் உண்டு. 70 என்றதும் கை அங்கேதான் போகும். ஆனால் அந்தத் திட்டத்தில், இந்தியக் கடையில் ஒரு எம்பிக்கு 7 ரூபாய் வீதம் டெலிவரி கட்டணத்தை முதலில் கழித்துக்கொள்வார்கள். உங்கள் படக்கதை 20 எம்பி, விலை 199 ரூபாய் என்றால் 140 ரூபாய் அதிலேயே போய்விடும். மீதி 59 ரூபாயில் 70 சதவீதம், அதாவது 41 ரூபாய்தான் உங்களுக்கு. 35 சதவீதத் திட்டத்தில் டெலிவரி கட்டணம் கிடையாது. அதே புத்தகத்துக்குக் கிட்டத்தட்ட 70 ரூபாய் கிடைக்கும். வரியைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன், ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடும். நாவல் எழுதுபவர்கள் சொல்லும் யோசனை படக்கதைக்குப் பொருந்தாது.

இன்னொரு பொறி: இந்தியக் கடையில் 70 சதவீதம் வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் தவணைகளாக, அந்த மின்னூலை வேறு எங்கும் விற்கவோ இலவசமாகத் தரவோ கூடாது. கூகுள் ப்ளே புக்ஸிலும் போட நினைத்திருந்தால் அந்தப் பெட்டியில் டிக் போடாதீர்கள்.

என் யோசனை: முதல் கதையை ஈபப் ஆகச் செய்யுங்கள். கடையில் கணக்குத் தொடங்கக் கட்டணம் எதுவும் இல்லை. அதில் தயாரான படம், குரல், நேரக்குறிப்பு எல்லாவற்றையும் பிறகு செயலிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

2. ஓவியர், குரல் கொடுப்பவர்: முதலில் கையெழுத்து

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். நண்பர்தானே என்று வாய்வார்த்தையில் முடிப்பது நம் வழக்கம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19 அதை ஏற்காது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

எழுத்தில் இருந்தாலும் போதாது. எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று பொருள். சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள்தான் இந்த மாதிரிப் புத்தகங்களைத் தேடுபவர்கள், அவர்களுக்கு விற்கும் உரிமை உங்களிடம் இல்லாமல் போய்விடும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, அந்த உரிமையும் காலாவதியாகிவிடும். ஒரு செயலி ஓராண்டு இழுப்பது சாதாரணம் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே ஒப்பந்தத்தில் இவை தனித்தனியாக இருக்கட்டும்: எந்தப் படங்கள், அச்சு, மின்னூல், செயலி, காணொளி, மொழிபெயர்ப்புப் பதிப்புகள், உலகம் முழுவதும், எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை, உரிமைத்தொகை உண்டா இல்லையா, ஓராண்டு விதி பொருந்தாது என்ற ஒரு வரி, அடுக்குகள் பிரிந்த மூலக்கோப்பைத் தர வேண்டும் என்ற இன்னொரு வரி. மூலக்கோப்பு வரியை விட்டுவிட்டால், பின்னால் யானையின் தும்பிக்கையை மட்டும் அசைக்க நினைக்கும்போது மொத்தப் படத்தையும் மறுபடி வரையச் சொல்ல வேண்டியிருக்கும். தொகையை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள்: கோட்டோவியம் வந்ததும் ஒரு பங்கு, வண்ணம் வந்ததும் ஒரு பங்கு, மூலக்கோப்பு கைக்கு வந்ததும் மீதி. ஓவியரின் பெயரை அட்டையிலேயே போடுங்கள். அது மரியாதை, சட்டப்படி அவருக்குள்ள உரிமையும்கூட.

கதை சொல்லும் குரலுக்கும் இதே மாதிரி எழுத்துச் சம்மதம் வேண்டும். குழந்தையின் குரல் என்றால் பெற்றோர் கையெழுத்து. பின்னணி இசையை இணையத்தில் 'இலவசம்' என்று போட்டிருப்பதை நம்பி எடுக்காதீர்கள். வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று பார்த்து, உரிமப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள்.

ஓவியருக்குக் கொடுக்க இப்போதைக்குப் பணம் இல்லையா? பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளும் படங்களும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கின்றன. எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர், உரிமத்தின் பெயர் எல்லாவற்றையும் குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான். பழகிப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஒவ்வொரு புத்தகத்தின் உரிமக் குறிப்பையும் தனியாகப் படித்துவிடுங்கள்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயம் இல்லை. செய்வதென்றால் எழுத்துக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2000 ரூபாய். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருந்துதான் அடுத்த கட்டத்துக்கே போவார்கள். புத்தகத்தை அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

3. தமிழ் உடையாத மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்

கதை யூனிகோடில் இருக்க வேண்டும். டிடிபி செய்பவர் பழைய எழுத்துருக் குறிமுறையில் தந்தால் மாற்றி வாங்குங்கள். எழுத்துருவுக்கு பலூ தம்பி, முக்தா மலர், கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, புத்தகத்துக்குள் பதிக்கத் தடையில்லை. சின்னக் குழந்தைகளுக்கு பலூ தம்பியின் உருண்டை எழுத்து எனக்குப் பிடிக்கும். ஆனால் பக்கத்துக்கு நான்கு வரிக்கு மேல் போனால் கண்ணை அடைக்கிறது.

மென்பொருளில்தான் பெரிய பள்ளம். விளையாட்டுச் செயலிகள் செய்யப் பயன்படும் யூனிட்டியில், எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ்ப்ரோ நேராகத் தமிழைக் கோக்காது. 'கொ' என்று அடித்தால் கொம்பு தன் இடத்துக்கு வராமல் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதே வேலைக்கான கோடோ 4 இலவசம், தமிழை ஒழுங்காகக் காட்டுகிறது. செயலி கட்ட உதவும் ஃப்ளட்டரும் சரி. பக்க வடிவமைப்புக்கு இன்டிசைன் என்றால், அதில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் தட்டச்சையே தொடங்க வேண்டும். எந்தக் கருவியாக இருந்தாலும் பணம் கட்டும் முன் 'கௌதாரி, கொக்கு, தேள், தோடு' என்று நான்கு சொல் அடித்துப் பாருங்கள். நான்கும் நேராக நின்றால் அப்புறம் மற்றதைப் பேசலாம்.

எழுத்தைப் படத்தோடு சேர்த்து வரைந்துவிட வேண்டாம். அப்படிச் செய்தால் வரி நிறம் மாறாது, பிழை திருத்த முடியாது, நாளைக்கு வேறு மொழியில் போடவும் முடியாது.

4. படங்களை வாங்கும் விதம்

டேப்லெட் திரை 4:3, இன்றைய போன் 20:9. ஒரே படம் இரண்டிலும் நிற்க வேண்டும். ஆகவே பின்னணியை அகலமாக வரையச் சொல்லி, கதாபாத்திரங்களையும் எழுத்துக்கான வெற்றிடத்தையும் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். அசைய வேண்டிய ஒவ்வொன்றும் தனி அடுக்கில் இருக்கட்டும். ஈபப்புக்குப் பக்கம் 2048க்கு 1536 பிக்சல் அளவில் இருந்தால் தாராளம். தொடும் இடங்களைத் திரையின் கீழ் விளிம்பில் வைக்காதீர்கள். குழந்தை அங்கே விரலை இழுத்தால் செயலியை விட்டே வெளியே போய்விடும்.

5. குரல் பதிவு

ஸ்டுடியோ தேவையில்லை. துணி நிறைந்த அலமாரிக்கு முன்னால் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் எதிரொலி அடங்கிவிடும். பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். மோனோவில் பதியுங்கள். 64 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஒரு நிமிடத்துக்கு அரை எம்பிக்கும் குறைவு. நான்கு நிமிடக் கதை இரண்டு எம்பிக்குள் அடங்கும்.

பதிவுக்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: புத்தகத்தில் 'வந்துவிட்டேன்' என்று இருந்து, கதை சொல்பவர் 'வந்துட்டேன்' என்று படித்தால், எழுத்தைத் தொடர்ந்து வரும் குழந்தை திணறும். உரையாடல்களைப் பேச்சுத் தமிழிலேயே அச்சிட்டால் அப்படியே படிக்கலாம். இல்லையென்றால் எழுதியபடி படிக்கச் சொல்லுங்கள். பாதிப் பாதி வேண்டாம்.

பதிந்த பிறகு, ஒவ்வொரு சொற்றொடரின் தொடக்கத்தையும் முடிவையும் ஆடாசிட்டியின் லேபிள் தடத்தில் குறித்து, உரைக்கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். அந்தக் கோப்பில் நொடிக்கணக்கு அப்படியே வரும். ஈபப்புக்கும் செயலிக்கும் அதுவே போதும். ஒவ்வொரு சொல்லாக நிறம் மாற்ற வேண்டும் என்று சிலர் மெனக்கெடுகிறார்கள். தமிழில் சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒலிப்பதால் வெட்டும் இடம் இழுபறியாக இருக்கும். சொற்றொடராக மாற்றினால் வேலை பாதி, பார்க்கவும் நன்றாக இருக்கிறது.

6. ஈபப் கோப்பைக் கட்டுதல்

நிரல் எழுத வராதவர்கள் ப்ளூம் மென்பொருளில் தொடங்கலாம். எஸ்ஐஎல் அமைப்பு வெளியிடுவது, விண்டோஸில் ஓடும். பக்கத்தில் படத்தை வைத்து, வாக்கியம் வாக்கியமாகக் குரலைப் பதிந்தால் நிறம் மாறுவதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஈபப் ஆகவும் ஏற்றுமதி செய்யலாம்.

கையால் கட்டுவதென்றால் சிகில் என்ற இலவசத் தொகுப்பி போதும். புத்தகத் தகவல் கோப்பில் பக்க அமைப்பை 'ப்ரீ பேஜினேட்டட்' (பக்க அமைப்பு மாறாதது) என்று குறிக்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் வியூபோர்ட் அளவு (பக்கத்தின் அகலமும் உயரமும்) இருக்க வேண்டும், குரலையும் எழுத்தையும் இணைக்கும் ஸ்மில் கோப்பு பக்கத்துக்கு ஒன்று. மொழி தமிழ் என்று குறிக்க மறக்காதீர்கள். கோப்புறையை நீங்களே ஜிப் செய்தால், இது ஈபப் என்று சொல்லும் மைம்டைப் கோப்பு முதலாவதாகவும் சுருக்கப்படாமலும் இருக்க வேண்டும். கடை காரணம் சொல்லாமல் நிராகரித்தால் முதலில் அதைப் பாருங்கள். சிகிலில் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஏற்றும் முன் ஈபப்செக் என்ற பிழை காட்டும் கருவியை ஓட்டி, பிழை பூஜ்யம் ஆகும் வரை திருத்துங்கள். அப்புறம் கணினியில் தோரியம் ரீடர், ஐபேடில் ஆப்பிள் புக்ஸ், ஒரு விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் மூன்றிலும் திறந்து பாருங்கள். எல்லா வாசிப்புச் செயலிகளிலும் குரல் ஓடாது. எதில் ஓடுகிறது என்பதைப் புத்தக விவரத்திலேயே எழுதிவிட்டால் கோபமான விமர்சனங்கள் குறையும்.

7. ஐஎஸ்பிஎன்

புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்தான் ஐஎஸ்பிஎன். இந்தியாவில் இது இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் எழுத்தாளராகவே விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்று, தலைப்புப் பக்கம், அட்டை ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். எண் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். அச்சுப் பதிப்புக்கு ஒன்று, ஈபப்புக்கு வேறொன்று. செயலிக்குத் தேவையே இல்லை. கேடிபியிலும் மின்னூலுக்குக் கட்டாயம் இல்லை. எண் வரும் தேதியை நம்பி வெளியீட்டு நாளை அறிவித்துவிடாதீர்கள்.

8. செயலிக்கு கூகுள் ப்ளே கணக்கு

ஒருமுறைக் கட்டணம் 25 டாலர், சர்வதேசப் பரிவர்த்தனை அனுமதித்த அட்டை வேண்டும். அடையாள அட்டையில் உள்ள பெயரும் கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். நம் ஊரில் இனிஷியல் முன்னாலும் பின்னாலும் மாறி மாறி வருவதால் சரிபார்ப்பு இங்கேதான் சிக்கும்.

தனிநபர் கணக்கா, நிறுவனக் கணக்கா என்பதை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். தனிநபராகப் பணம் வாங்கி விற்றால் உங்கள் முழு முகவரியும் கடைப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டு முகவரி வெளியே வருவதை விரும்பாத பெண் எழுத்தாளர்கள் இதைக் கவனிக்கவும். நிறுவனக் கணக்குக்கு டன்ஸ் எண் (நிறுவனங்களுக்குத் தரப்படும் சர்வதேச அடையாள எண்) தேவை. அது இலவசம், ஆனால் கைக்கு வர 30 நாள் வரை ஆகலாம்.

புதிய தனிநபர் கணக்குக்கு இன்னொரு தடை உண்டு. வெளியிடும் முன் மூடிய சோதனை, அதாவது நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் செயலியைப் பயன்படுத்திப் பார்க்கும் சோதனை, நடத்த வேண்டும்: குறைந்தது 12 பேர், இடைவிடாமல் 14 நாள். முதலில் 20 பேர் என்று இருந்தது, 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். சரியாக 12 பேரைச் சேர்த்தால் ஒருவர் விலகினாலும் கணக்கு குலையும். இருபது பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லோருக்கும் வெளியிடும் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது சோதனையாளர்கள் என்ன சொன்னார்கள், என்ன மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கி, கருத்துகளைத் தேதியோடு சேமித்தால் பதில் எழுதச் சுலபம். கோடை விடுமுறைக்குச் செயலி வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே சோதனையைத் தொடங்கிவிடுங்கள்.

கடைப் பக்கத்துக்கு 512க்கு 512 ஐகான், 1024க்கு 500 பதாகை, திரைப் படங்கள், தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் முகவரி ஆகியவை முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். செயலி எதையும் சேகரிக்காவிட்டாலும் கொள்கைப் பக்கம் வேண்டும்.

9. குழந்தைகள் விதிகள்

என் அனுபவத்தில் நிராகரிப்பு பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. இலக்கு வயதுக் கேள்விக்குக் குழந்தைகள் வயதை மட்டும் தேர்ந்தெடுங்கள். நிறையப் பேர் தரவிறக்கட்டும் என்று 13க்கு மேற்பட்டவர்களையும் சேர்த்தால் வயது கேட்கும் திரை முதலான கூடுதல் வேலைகள் சேரும். குழந்தைகளுக்கான செயலி போனின் விளம்பர அடையாள எண்ணை அனுப்பக் கூடாது, குழந்தை இருக்கும் இடத்தையும் கேட்கக் கூடாது. நீங்கள் கேட்காவிட்டாலும் ஏதாவது ஒரு விளம்பர அல்லது பகுப்பாய்வுச் செருகுநிரல் அந்த அனுமதியைச் சத்தமில்லாமல் சேர்த்துவிடும். ஏற்றும் முன், செயலி கேட்கும் அனுமதிகள் பதிவாகும் மேனிஃபெஸ்ட் கோப்பின் இறுதி வடிவத்தைத் திறந்து அனுமதிப் பட்டியலைப் படியுங்கள்.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, 18 வயதுக்குக் கீழ் உள்ள அனைவரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவை எடுக்கப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும், அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது. இதில் தவறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். சின்னப் பதிப்பாளருக்கு ஒரே நல்ல வழி: பயனர் கணக்கு வேண்டாம், விளம்பரம் வேண்டாம், பயன்பாட்டுப் பகுப்பாய்வு வேண்டாம். எதையும் சேகரிக்காத செயலிக்குப் படிவங்கள் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். வருமானத்துக்கு ஒருமுறை விலை வையுங்கள், அல்லது முதல் கதையை இலவசமாகத் தந்து மற்றவற்றை விற்கலாம்.

வாங்கும் பொத்தானும் வெளித்தள இணைப்பும் பெற்றோர் வாயிலுக்கு, அதாவது பெரியவர்கள் மட்டுமே தாண்டக்கூடிய ஒரு கேள்வித் திரைக்கு, பின்னால் இருக்கட்டும். ஆப்பிளின் குழந்தைகள் பிரிவில் அது கட்டாயம்.

10. ஆப்பிள்

ஆண்டுக்கு 99 டாலர், கூடவே ஒரு மேக் கணினி. ஆண்டுக் கட்டணம் நின்றால் செயலி கடையிலிருந்து போய்விடும். ஆண்ட்ராய்டில் விற்பனை என்னவென்று தெரிந்த பிறகு இதைப் பற்றி யோசித்தால் போதும்.

11. பணம் கைக்கு வருவது

பான் எண், வங்கிக் கணக்கு விவரங்கள் தயாராக இருக்கட்டும். கேடிபி கணக்கில் வரி நேர்காணல் என்று ஒன்று வரும். அதில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் கோரினால், அமெரிக்க விற்பனையின் உரிமைத்தொகையில் 30க்குப் பதில் 15 சதவீதம்தான் பிடிப்பார்கள். இதைக் கவனிக்காமல் 'அடுத்து' பொத்தானை அழுத்திப் போனவர்கள் பலர். கூகுள் ப்ளேயில் ஆண்டுக்கு முதல் பத்து லட்சம் டாலர் வரை சேவைக் கட்டணம் 15 சதவீதம், அதற்குச் சேர வேண்டும் என்றால் தனியாகப் பதிவு செய்யவும் வேண்டும். ஜிஎஸ்டியை உங்கள் ஆடிட்டரிடம் முதல் விற்பனைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

12. வெளியிட்ட பிறகு

ஈபப் ஒருமுறை ஏறினால் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். செயலி அப்படி இல்லை. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புக்கு ஏற்ற இலக்கு நிலையை கூகுள் ஆண்டுதோறும் உயர்த்துகிறது. மாற்றாவிட்டால் புதிய போன் வைத்திருப்பவர்களின் தேடலில் உங்கள் செயலி வராது. நிரலாளரை வைத்துச் செய்தால் அந்த ஆண்டுப் பராமரிப்புத் தொகையை முதல் நாளே பேசி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மூல நிரல், கையொப்பச் சாவிக் கோப்பு (செயலி உங்களுடையதுதான் என்று காட்டுவது), அதன் கடவுச்சொல் மூன்றும் உங்கள் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டும். ப்ளே கணக்கும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், நிரலாளரின் பெயரில் கூடாது.